ஆறப் பொறுக்காதவனுக்கு எதுக்குக் காரு?

ஏ தம்பி, இங்க வா. கார் வாங்கியிருக்கியாமே. நல்லா இரு. பூசை போட்டியா? நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துல வெச்சு நசுக்கினியா? சாவி வாங்குத போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பினியா? எல்லாம் ஆச்சா? சரி. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். பானெட்டைத் திறக்க எந்தக் கொக்கியை இழுக்கணும்?

முழிக்காத. என் பேரனும் இப்படித்தான் முழிச்சான்.

போன சித்திரையில நடந்த கதை. அவன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குதான். திருநெல்வேலியில ஒரு காதுகுத்துன்னு புதுக் கார்ல வந்து இறங்கினான். எங்க கோவில்பட்டியில இருந்து எத்தன தூரம்? காப்பி குடிச்சிட்டு ஏறினா அடுத்த காப்பிக்குள்ள போயிரலாம். என்னை முன்சீட்டுல உக்கார வெச்சு, கன்னுக்குட்டிக்குத் தும்பு மாட்டுத மாதிரி பெல்ட்டை மாட்டிவிட்டான். கார் அவன் கூப்பிட்டா பேசுமாம். பாட்டுப் போடச் சொன்னா போடுமாம். வெளிய மழையா வெயிலான்னு சொல்லுமாம். கண்ணாடி வழியாப் பாத்தா எனக்கே தெரியுதே, அதுக்கு எதுக்குடா காருன்னு கேட்டேன். தாத்தாவுக்குப் புரியாதுன்னுட்டான்.

கயத்தாறு வந்துச்சு. கட்டபொம்மனை 1799-ல தூக்குல போட்ட ஊரு. அங்க வெச்சு டேஷ்போர்டுல சிவப்பா ஒரு லைட் எரிஞ்சுது. டிங்கு டிங்குன்னு மணி வேற.

பேரன் என்ன செஞ்சாங்கிற? நிறுத்தினான்னு நெனச்சியா? அதான் இல்ல. ‘ஏதோ சென்சார் பிரச்சினை’ன்னான். அவன் சம்சாரம் பின்னால இருந்து எட்டி அந்த லைட்டைப் போட்டோ புடிச்சா. குடும்ப குரூப்புல போட்டா. துபாயில இருக்க மச்சான், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ன்னு பதில் போட்டான். பெங்களூர்ல இருந்து ஒருத்தன் ‘பேட்டரியா இருக்கும்’ன்னான். என் தங்கச்சி மட்டும் ரோசாப்பூப் படம் போட்டு காலை வணக்கம் சொன்னா. இருந்ததுலயே உருப்படியான பதில் அதுதான், கெடுதல் ஒண்ணும் பண்ணல பாரு. இத்தனையும் நடக்கும்போது வண்டி எண்பதுல போவுது.

“லேய், நிறுத்துலே!”ன்னு ஒரு சத்தம் போட்டேன். முப்பது வருசம் லாரி ஓட்டின தொண்டை. அதுக்குத்தான் கேட்டான். பிரேக்ல இல்ல, காதுல.

“தாத்தா, ஓரமா இடம் பாத்து நிப்பாட்டுதேன்.”

“அதுவரைக்கும் ஏசியை அணை. ஹீட்டரைப் போடு. காத்தை முழுசாத் திருப்பிவிடு.”

சித்திரை மாசம், மத்தியானம் பன்னெண்டு மணி, கயத்தாறு பொட்டல். ஹீட்டரைப் போடுங்கேன். பேரன் சம்சாரம் என்னைப் பாத்த பார்வை இருக்கே, கிழவனுக்குப் பித்தம் தலைக்கேறிட்டுங்கிற பார்வை. பித்தம் இல்ல தம்பி. அந்த ஹீட்டர்னு ஒண்ணு இருக்கே, அது டேஷ்போர்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க குட்டி ரேடியேட்டர். என்ஜின் சூட்டை வாங்கி உன் முகத்துல ஊதும். உனக்கு வேர்க்கும், என்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். நிழல் பாத்து ஒதுங்குத வரைக்கும் அது போதும்.

ஆனா அன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஹீட்டர்ல சூடே வரல. என்ஜின் காய்ச்சல்ல கொதிக்குது, ஹீட்டர்ல சும்மா காத்து வருது. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சூட்டைக் கொண்டுவர உள்ள தண்ணி இல்ல. “இடமும் வேண்டாம் நிழலும் வேண்டாம், இந்தாப் பாரு ஓரம், அணைச்சுரு”ன்னேன்.

அந்த லைட்டை நல்லாப் பாத்திருக்கியா நீ? ரெண்டு அலை, நடுவுல ஒரு குச்சி. சாவி தண்ணிக்குள்ள விழுந்து கிடக்குத மாதிரி இருக்கும். அது சாவி இல்ல, டாக்டர் நாக்குக்கு அடியில வெப்பாரே, அந்தக் காய்ச்சல் குச்சி. சில வண்டியில காலங்காத்தால கிளப்பினதும் இதே படம் நீலமா எரியும். இன்னும் சூடேறல, விரட்டாதங்குது. கொஞ்ச நேரத்துல தானே அணைஞ்சிரும். அந்த நீலத்தைப் பாத்து மெக்கானிக்கைத் தூக்கத்துல எழுப்பினவன் எங்க தெருவுலயே இருக்கான். அவனே சிவப்பு எரிஞ்சா மதுரை வரைக்கும் ஓட்டிட்டுப் போவான். நீலத்துக்கு அலறுதான், சிவப்புக்கு அசரமாட்டேங்கான். என்ன படிப்போ.

அந்தக் காலத்துல இந்தக் குச்சி காருக்கு வெளியதான் இருந்துச்சு. அமெரிக்காவுல பாய்ஸ்னு ஒருத்தன் அதுக்குக் காப்புரிமை வாங்கினான். ரேடியேட்டர் மூடி மேலயே நட்டு வெச்சிருவான். ரோட்டைப் பாத்து ஓட்டினாலே கண்ணுல படும். அப்புறம் அது உள்ள வந்து மீட்டர்ல முள்ளாச்சு. இப்பப் பாதிக் கார்ல அந்த முள்ளும் கிடையாது, வெறும் லைட்டுதான். முள் ஏறும்போதே சொல்லும். லைட்டு ஏறி முடிச்ச பொறவு சொல்லும். திருடன் போன பொறவு குலைக்குத நாய் அது. அந்த நாயையும் நீ ‘சென்சார் பிரச்சினை’ங்கிற.

சரி, வண்டி நின்னுச்சு. பானெட்டுக்குள்ள இருந்து புஸ்ஸுன்னு ஆவி. பேரன் வீரனாயிட்டான். சட்டைக்கையை மடிச்சான், ரேடியேட்டர் மூடியில கை வெக்கப் போனான். கம்பால மணிக்கட்டுல ஒண்ணு வெச்சேன்.

“உங்க அம்மா குக்கர் அடங்காம மூடியைத் திறப்பாளாலே?”

யோசிச்சுப் பாரு தம்பி. திறந்த சட்டியில தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். மூடி போட்டு அழுத்திட்டா நூறு ஆனாலும் கொதிக்காது, நூத்திருவது வரைக்கும் தாங்கும். குக்கர்ல பருப்பு சீக்கிரம் வேகுதது அதனாலதான். ரேடியேட்டர் மூடியும் அதே வேலைதான் பாக்குது. உள்ள ஸ்பிரிங் வெச்சு, ஏறக்குறைய குக்கர் அளவு அழுத்தத்தைப் புடிச்சு வெச்சிருக்கு. நல்லா ஓடுத வண்டியிலயே தண்ணி தொண்ணூறு டிகிரியில இருக்கும். சிவப்பு எரியுதுன்னா அதுக்கும் மேல. நீ மூடியைத் திருகினதும் அழுத்தம் போவுது, அடங்கிக் கிடந்த தண்ணி அத்தனையும் அந்த நொடியே கொதிச்சுப் பீச்சும். முகத்துலதான் அடிக்கும். எங்க செட்டுல ஒரு கிளீனர்ப் பையன் இருந்தான், கழுத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் வெள்ளையாத் தோல் உரிஞ்ச தழும்பு. சட்டைப் பித்தானைக் கடைசி வரைக்கும் கழட்ட மாட்டான். அவன் அவசரப்பட்டது ஒரு நிமிசம்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாம்னு சும்மாவா சொன்னாவ.

அரை மணி. முக்கால் மணின்னா இன்னும் நல்லது. சும்மா உக்காரணும். இதுதான் உங்களால முடியல. வண்டி வாங்க ஏழு வருசம் தவணை கட்டுதிய. வண்டி ஆற முக்கால் மணி நேரம் உக்கார மாட்டேங்கிய. பேரன் ஏழாவது நிமிசத்துல எந்திரிச்சான். பாட்டில் தண்ணியை எடுத்தான். என்ஜின் மேல ஊத்திக் குளிர வெக்கப் போறானாம்! வேப்பமரத்தடியில உக்காந்திருந்த எனக்கு உசிரே போயிட்டு. நீ அரிக்கேன் விளக்கு பாத்திருக்க மாட்ட. எரியுத சிம்னி மேல ஒரு மழைத்துளி விழுந்தாப் போதும், டப்புன்னு விரிசல் விட்டிரும். என்ஜின் தலை இப்ப அலுமினியம். கொதிக்கும்போது பச்சைத் தண்ணி பட்டா கோணும், விரியும். அந்தச் செலவுக்கு நீ இன்னொரு தவணை போடணும்.

“அப்ப என்னதான் பண்ணட்டும்?”ங்கான்.

“பீடி இருந்தா குடு”ன்னேன்.

இப்ப நீ நெனப்ப, கிழவன் பெரிய சூரன், எல்லாம் தெரிஞ்சு பேசுதான்னு. நானும் கெட்டுத்தான் படிச்சேன். கேளு.

எண்பத்து நாலுன்னு ஞாபகம். சிமெண்ட் லோடு, கொல்லத்துக்கு. செங்கோட்டை தாண்டிப் புளியரை. அங்க எஸ் வளைவுன்னு ஒண்ணு இருக்கு, லோடு வண்டி ஏறும்போது நாக்கு தள்ளும். முள் ஏறிட்டே வருது. நான் பல்லைக் கடிச்சுட்டு ரெண்டாவது கியர்ல ஏத்துதேன். ஒரு கட்டத்துல முள் சரசரன்னு இறங்குச்சு. பாதிக்கும் கீழ! எனக்கு ஒரே சந்தோசம். “பாத்தியாலே, மலைக்காத்து பட்டதும் வண்டி குளுந்துட்டு”ன்னு கிளீனர்கிட்டப் பெருமை பேசுதேன். அந்தப் பொடியன் மூக்கை உறிஞ்சினான். “அண்ணே, பெயிண்ட் தீயுத வாடை வருது”ன்னான். “உன் பீடி வாடைலே, பேசாம இரு”ன்னேன்.

விசயம் என்ன தெரியுமா? கீழ் ஹோஸ் கிழிஞ்சு தண்ணி பூராம் ரோட்டுல போயிட்டு. சூடு பாக்குத குச்சி தண்ணிக்குள்ள நின்னாத்தான் சூடு தெரியும். தண்ணி இல்லாம அது அந்தரத்துல நிக்குது. அதுக்கு என்ன தெரியும் பாவம்? வெறுங்காத்தைப் பாத்துட்டு எல்லாம் சுகம்னு முள்ளை இறக்கிருச்சு. வீடு எரியுதப்ப வாசல்ல நிக்கவன் ‘உள்ள குளுகுளுன்னு இருக்கு’ன்னு சொன்ன மாதிரி. பத்து நிமிசத்துல வண்டி பெருமூச்சு விட்டு நின்னுச்சு. ஹெட் கேஸ்கெட் போச்சு. ஆயில் குச்சியை உருவினா, பால் விட்ட காப்பி நிறத்துல ஆயில். சைலன்சர்ல வெள்ளைப் புகை. ஆரியங்காவு மழையில மூணு நாள் லாரிக்கு அடியில படுத்துக் கிடந்தேன். முதலாளி ரெண்டு மாசச் சம்பளத்துல புடிச்சார். அந்தப் பொடியன் இன்னும் உசிரோட இருக்கான். எங்க கண்டாலும், “அண்ணே, மலைக்காத்து எப்படி இருக்கு?”ன்னுதான் கேக்கான்.

அதனால சொல்லுதேன், மூக்கை நம்பு. இப்ப உள்ள கூலன்ட் ஒழுகினா ஒரு மாதிரி இனிச்ச வாடை அடிக்கும், வெல்லப்பாகு லேசாக் காந்தின மாதிரி. அந்த வாடை வந்தா லைட்டு எரியணும்னு காத்திருக்காத.

கயத்தாறு கதைக்கு வாரேன். முக்கால் மணி ஆச்சு. மேல் ஹோஸைத் தொட்டுப் பாத்தேன். சுடல. அழுத்தினா உள்ள வாங்குச்சு. விறைப்பா நின்னா இன்னும் அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். ஈரத்துணியை நாலா மடிச்சு மூடி மேல போட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, மெதுவா ஒரு சுத்து. உஸ்ஸுன்னு மிச்ச மூச்சு போவட்டும்னு விட்டு, அப்புறம் கழட்டினேன். உள்ள எட்டிப் பாத்தா பாழுங்கிணறு. ஓரத்துல இருக்க வெள்ளை டப்பா, மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு போட்டிருப்பானே, அதுவும் காலி.

எங்க போச்சு? குனிஞ்சு பாத்தேன். கீழ் ஹோஸ் மாட்டுத இடத்துல பச்சைக் கறை, சொட்டுச் சொட்டா. கிளிப் தளர்ந்து கிடக்கு. போன வாரம்தான் சர்வீஸ் விட்டானாம். பில்லு நாலு பக்கம் இருந்துச்சு, அதுல காருக்கு வாசனை அடிச்சதுக்குக்கூடக் கணக்கு இருந்துச்சு. கிளிப்பை இறுக்கத்தான் ஆள் இல்ல. பக்கத்துப் பஞ்சர் கடையில ஸ்குரூ டிரைவர் வாங்கி நாலு சுத்து சுத்தினேன். இவ்வளவுதான் தம்பி வியாதி.

தண்ணிக்கு பேரன் கூகுள்ல தேடுதான், இந்தக் கம்பெனிக் கூலன்ட் கயத்தாறுல எங்க கிடைக்கும்னு. பெட்டிக்கடையில குடிதண்ணி பாட்டில் அஞ்சு வாங்கிட்டு வாலேன்னேன். ஆபத்துக்குப் பாவமில்ல. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, வண்டியைக் கிளப்பி, உள்ள புடிச்சு வெச்ச காத்து கொப்புளம் கொப்புளமா வெளிய வர வரைக்கும் விட்டு, திரும்ப ஊத்தி, மூடியைப் போட்டோம். ஃபேன் சுத்துதான்னும் பாத்துக்கிட்டேன். அது சுத்தாட்டி பியூஸைப் பாக்கணும். லைட்டு அணைஞ்சிருந்துச்சு. இப்ப ஹீட்டரைப் போட்டா அனல் அடிச்சுது. பேரன் சம்சாரம் முகத்தை வெளிய நீட்டிக்கிட்டா. திருநெல்வேலியில முதல் வேலையா ஒர்க்‌ஷாப்புல காட்டச் சொன்னேன்.

அப்ப பச்சைத் தண்ணியே போதுமே, எதுக்குக் கூலன்ட்டுன்னு கேப்ப. அங்கதான் நிக்கணும். வெறும் தண்ணி ஊர் போய்ச் சேர. அதையே ஊத்திட்டு ஓட்டுதவன் கஞ்சன். எங்க கரிசக்காட்டு போர்த் தண்ணியில பானை காய வெச்சா அடியில சுண்ணாம்பு படியுதா இல்லையா? ரேடியேட்டருக்குள்ள இருக்க குழாய் குச்சி கனம். அதுல சுண்ணாம்பு அடைச்சா எப்படி ஓடும்? துரு வேற. கூலன்ட்டுல துருப்பிடிக்காம இருக்க மருந்து இருக்கு. கிளைக்கால்னு ஒரு சரக்கு இருக்கு, அது கொதிநிலையை ஏத்தும். பாட்டில்ல மட்டும் என்ன பெருமை போட்டிருக்கான் தெரியுமா? பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாதாம். கோவில்பட்டியில! கடலைமிட்டாய் உருகாம இருந்தாலே நாங்க குளிர்காலம்ங்கோம்.

சிவப்பு ஊத்தவா, பச்சை ஊத்தவான்னு கடையில அரை மணி நேரம் சண்டை. நிறம் சாயம்தான் தம்பி, சேலைக்குப் போடுத மாதிரி. ஒரே நிறத்துல வேற வேற மருந்து இருக்கும். வண்டிப் புத்தகத்துல எது போட்டிருக்கோ அதை ஊத்து, கண்டதைக் கலக்காத. எத்தன வருசத்துக்கு ஒருக்க மாத்தணும்னும் அதுலயே இருக்கு. அந்தப் புத்தகம் உன் வண்டியில எங்க இருக்குன்னு நான் சொல்லட்டுமா? டேஷ்போர்டுப் பெட்டியில, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காம.

இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காத: கூலன்ட் இனிக்கும், ஆனா விசம். வாசல்ல சிந்தினா நாய் நக்கும், புள்ளை விரலை வெச்சுச் சூப்பும். தண்ணி விட்டுக் கழுவிரு. மிச்சத்தைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்காத.

இன்னொரு கூத்து சொல்லி முடிக்கேன். போன ஐப்பசியில எங்க ஊர்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் முன்னால ரோசாமாலை, கனகாம்பரம், அது மேல மாப்பிள்ளை பொண்ணு படம் போட்ட பேனர். ஜல்லடையில ஒரு விரல் நுழைய இடமில்ல. காருக்கு மூக்கு அதுதான். மூக்கைப் பொத்திட்டு உன்னைச் சாத்தூர் வரைக்கும் ஓடச் சொன்னா ஓடுவியா? பாதி வழியில சிவப்பு லைட்டு. மாப்பிள்ளை இறங்கி நடந்தான், மேளக்காரன் முன்னால போனான். பேனரைக் கிழிக்க ஒருத்தனுக்கும் மனசு வரல, முகூர்த்தம் போனாலும் பரவாயில்லையாம். நான்தான் கிழிச்சேன். பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் என்கிட்டப் பேசுததில்ல.

கரண்டு வண்டி வாங்கிட்டா இந்தத் தொல்லை இல்லையேன்னு பேரன் நேத்து போன்ல சொல்லுதான். அதுலயும் பாதி வண்டிக்கு பேட்டரியைக் குளிர வெக்கக் கூலன்ட் ஓடுதுலேன்னேன். அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம்.

அது கிடக்கட்டும். நாளைக்குக் காலையில, வண்டி குளுந்து கிடக்கும்போது, பல்லு விளக்கிட்டே வெளிய வா. பானெட்டைத் தூக்கி அந்த வெள்ளை டப்பாவைப் பாரு. கோடு ரெண்டுக்கும் நடுவுல இருந்தா போய்க் காப்பியைக் குடி. கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தா எனக்கு ஒரு போன் போடு. குரூப்புல போடாத. உன்னைத் திட்ட ரெண்டு வார்த்தை தனியா எடுத்து வெச்சிருக்கேன்.